பந்தயத்துக்கு ஓர் இடம்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் இளைஞர்களுக்குத் தனி உற்சாகம்தான். நம் சிலாங்கூரில் அதற்கென்றே இடங்கள் அமைந்த வரலாறு உண்டு.

1968-இல் பத்து தீகாவில் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கே நடைபெற்றது. அடுத்து, 1999-இல் செப்பாங் தடம் உருவாயிற்று. நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. 2017 வரை ஃபார்முலா ஒன் கார்களும் அங்கே ஓடின.

அங்கே எதிரே வண்டி வராது. தடம் விலகும் வண்டியின் வேகத்தைத் தணிக்க வளைவோரங்களில் சரளைக்கல் பரப்பியிருக்கிறது. மருத்துவர்கள் காத்திருப்பார்கள். அப்படியிருந்தும், 2011-இல் இத்தாலிய வீரர் மார்கோ சிமொன்செல்லி அங்கே உயிரிழந்தார்.

நம் செம்பனைத் தோட்டச் சாலையிலோ ஒருபுறம் கால்வாய், மறுபுறம் மரம், எதிரே லோரி. பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.