தேர்தல் முடியட்டும், தோழர்



‘கட்சி வாழ்க்கை’ என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நான் அமைச்சரும் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் கிளைச் செயலாளர். இருபத்திரண்டு வருடமாகப் பசை வாளி தூக்குகிறேன். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கிறேன். என் கட்சியைப் படித்தவர்கள் நடு-இடது என்கிறார்கள். ஏழைக்கு அரிசி, பெண்ணுக்குச் சொத்துரிமை, பிள்ளைக்கு இடஒதுக்கீடு, முதலாளிக்குத் தொழிற்பேட்டை, எல்லாவற்றையும் ஒரே மேடையில் பேசுகிற கட்சி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வெட்கப்பட வேண்டிய கதை வேறு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஊரில் நிலம் வைத்திருக்கும் ஆதிக்க சாதியில் பிறந்தவன். எங்கள் கிளையின் துணைச் செயலாளர் அருந்ததியர் தோழர். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் கூட்டத்தில் அவர்தான் என்னை ‘அண்ணே’ என்பார். என் அம்மா அவரைப் பெயர் சொல்லி, ‘வாடா’ என்றுதான் கூப்பிடுவார். இதைத் திருத்த எனக்குப் பல வருடம் கிடைத்தது, திருத்தவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி நாங்கள் இருவரும் போஸ்டர் ஒட்டி முடித்தோம். விடிகாலை நாலரை மணி. கையெல்லாம் மைதாப் பசை. டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரர் எங்கள் கட்சிதான், எங்கள் வாக்குச்சாவடியின் முகவர். கடைச் சுவரில் தலைவர் படங்கள், பெரியார் படம் உட்பட.

எனக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. தோழருக்குப் பேப்பர் கப்பில் வந்தது.

என் தாத்தா காலத்தில் கொட்டாங்குச்சி. அப்பா காலத்தில் கூரையில் செருகி வைத்த தனி டம்ளர். அப்புறம் பிளாஸ்டிக் கப். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள், எங்கள் கடைக்காரர் ஒழுங்காகப் பேப்பருக்கு மாறினார். சுற்றுச்சூழல் சட்டத்தை மதித்தார். பொதுக் கடையில் வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அது மட்டும் அவர் கடைக்கு வந்து சேரவில்லை.

நான் பார்த்தேன். தோழர் நான் பார்த்ததைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

கடைக்காரர் கையில் சொந்தபந்தம், பங்காளி வீடு எல்லாம் சேர்த்து நிறைய ஓட்டு இருந்தது. பைக்கில் வரும்போது தோழரிடம், ‘தேர்தல் முடியட்டும், பேசிக்கலாம்’ என்றேன். அவர், ‘சரிங்கண்ணே’ என்றார். அந்தச் சொல்லைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

தேர்தல் முடிந்தது. முடிந்ததா? 2022இல் பக்கத்துப் பேரூராட்சிக்குத் தேர்தல். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல், எங்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்த் தெருத்தெருவாக நிறுத்தினார்கள். 2024இல் நாடாளுமன்றம். 2025 பிப்ரவரியில் அதே ஈரோடு கிழக்குக்கு மறுபடியும் இடைத்தேர்தல். எங்கள் மாவட்டத்தில் தேர்தல் முடிகிற நாளே கிடையாது தோழர்களே. நடுவில் ஒருமுறை மேலே உள்ள நிர்வாகி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர். அவரும், ‘தேர்தல் முடியட்டும் தம்பி’ என்றார். நான் தோழரிடம் சொன்ன அதே வார்த்தை.

என்னை அசைத்தது தோழரின் மகள். 2009இல் அருந்ததியருக்கு வந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் படித்த பெண். அந்த வளவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். அந்தச் சட்டம் செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, இனிப்பு வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெருமையாகத்தான் போனேன். அவள் இனிப்பை வாங்கிக்கொண்டு கேட்டாள்: ‘சட்டம் எனக்கு சீட்டு குடுத்துச்சு தோழர். எங்கப்பாவுக்கு ஒரு டம்ளர் டீ வாங்கித்தர உங்களால முடியலயே?’

கோட்டையில் கையெழுத்தாகிற காரியத்துக்கு எங்கள் ஊர்க் கடைக்காரரின் சம்மதம் தேவையில்லை. அதனால் அது நடந்துவிட்டது. டம்ளருக்கு அவர் சம்மதம் வேண்டியிருந்தது, அவர் சம்மதம் கேட்க நான் தேவைப்பட்டேன். அங்கேதான் கட்சி நின்றுபோனது. கட்சி என்றால் அந்த இடத்தில் நான்தான்.

மறுநாள் காலை தோழரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ‘ரெண்டு டீ, ரெண்டும் கண்ணாடி டம்ளர்ல’ என்றேன். கடையில் இருந்த ஏழெட்டுப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் என்னிடம், ‘கட்சிய ஒடைக்கறதுக்குன்னே வந்திருக்கியா?’ என்று கேட்டார். கொடுத்தார். தோழர் குடித்தார். அடுத்த வாரத்திலிருந்து கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப். கண்ணாடி டம்ளர்களையே எடுத்துவிட்டார். இது எங்களுக்கு வெற்றியா என்று என்னைக் கேட்காதீர்கள். தோழரைக் கேட்டேன், சிரித்தார்.

உங்களில் சிலர் என்னிடம், ‘இன்னும் ஏன் அந்தக் கட்சியில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. வெளியே வந்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்தக் கடையில் நான் போய் நின்றால் ஏதாவது நடக்கிறது என்றால், அதற்கு என் சாதியும் என் கட்சிப் பொறுப்பும்தான் காரணம். முதலாவது நான் விட்டாலும் என்னை விடாது. இரண்டாவதைத் தோழர் கைக்கு மாற்றப் பார்க்கிறேன்.

கிளைச் செயலாளர் பொறுப்புக்கு அவர் பெயரை முன்மொழிந்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். முதல்முறையாக வளவில், அவர் வீட்டு வாசலில் நடக்கிறது. பதினேழு பேர் வர வேண்டும். நாலைந்து பேர் அன்றைக்குக் கல்யாணம், காதுகுத்து இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

டீ தோழர் வீட்டில் போடுகிறார்கள். டம்ளர் போதாது என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஆறு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, ‘அது திரும்பி வருமா?’ என்று கேட்டார். ‘வரும்மா, கழுவி அதே அலமாரியிலதான் வைப்பேன்’ என்றேன். மூன்று நாளாக அவர் என்னோடு பேசவில்லை.