சிறு காரும் பெரு மூச்சும்



மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் மக்களுக்குச் சிறு கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயலுக்குச் செல்லவும், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்தில் இறக்கிவிடவும் துணைநிற்கும் குடும்ப உறவு அது. 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட மோட்டார்க் கார் இறக்குமதிக்கு 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருக்கும் காரைப் பேணிக் காப்பதே பலருக்கும் இயன்றதாயிற்று. புதிய கார் வாங்க இயலாத இளைஞன், பழைய காரைப் புதிய காராக ஆக்க எண்ணுவது இயல்புதானே!

என்னிடம் பயின்ற மாணவர் சிலர் இன்று கராஜ்களில் தொழில் செய்கின்றனர். அவர்களுடைய பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் டர்போ என்பது. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய ஜப்பானிய உதிரிப்பாகங்களைத் தேடி, டர்போ ஒன்றை வாங்கிவந்து, 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள மாருதி போன்ற சிறு காரிற் பொருத்திவிட வேண்டும் என்பது அவர்களது ஆசை. கலைப் பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். இரும்பை ஒட்டும் திறன் எனக்கில்லை. ஆயினும், இந்த வேலையின் உயிர்நிலை இரும்பில் இல்லை, கணக்கில் இருக்கின்றது. அக்கணக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கொல்லன் தன் உலைக்குத் துருத்தி கொண்டு காற்றூட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். காற்று மிகுந்தால் கரி விரைந்து எரியும், வெப்பம் மிகும். இனி, அவ்வுலையிலிருந்து வெளியேறும் புகையே அத்துருத்தியை இயக்குவதாகக் கற்பனை செய்து பாருங்கள். அதுவே டர்போ. பெற்றோலில் அடங்கிய சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, புகைக்குழாய் வழியே வெப்பமாக வீணே போகின்றது. அப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் செலுத்துகின்றது. அவ்வச்சு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது.

இக்கருத்துக்கு 1905 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்னும் பொறியியலாளர். அது பயன்தரும் வடிவம் பெறுவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. 1920களின் நடுப்பகுதியில் ஜெர்மானியக் கப்பல்கள் இரண்டின் டீசல் இயந்திரங்களில் அது பொருத்தப்பட்டபோது, 1750 குதிரை வலு 2500 ஆக உயர்ந்தது. கண்டுபிடித்தவரே இருபது ஆண்டுகள் காத்திருந்த வேலையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். நம்மைச் சூழ்ந்துள்ள வளியின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். டர்போவின் மூலம் இன்னும் 5 இறாத்தல் கூட்டினால், காற்று மூன்றிலொரு பங்கு மிகும் என்று தோன்றும். ஆனால், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிறுவனும் அறிவான், பம்பு சுடும் என்பதை. அமுக்கப்பட்ட காற்று சூடேறுகின்றது. சூடேறிய காற்று விரிகின்றது. நம் ஊரின் 30 பாகைக் காற்று, இவ்வமுக்கத்தில் ஏறத்தாழ 70 பாகையை அடையும். ஆகவே மூன்றிலொரு பங்கு என்று எண்ணிய இலாபம் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்துவிடுகின்றது. அக்காற்றைக் குளிர்விக்கும் கருவியினூடாகச் செலுத்தி 45 பாகைக்குக் கொண்டுவந்தால், இலாபம் நாலிலொரு பங்குக்கு மேல் வரும். குளிரூட்டியைப் பொருத்தாமல் டர்போவை மட்டும் பொருத்துபவன் வெப்பத்தையே விலைக்கு வாங்குகின்றான்.

காற்று மிகுந்தால் பெற்றோலும் மிகவேண்டும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. டர்போ முழு மூச்சில் இயங்கும் வேளையில் அவ்விகிதத்தை 12 அளவுக்கு இறக்கிப் பெற்றோலைச் சற்று மிகுதியாகவே ஊட்டுவர். அந்த மிகுதி உருளையின் வெப்பத்தைத் தணிக்கும். காபரேற்றர் உள்ள காருக்கும் பெற்றோலைப் பீய்ச்சும் காருக்கும் வழி வேறு, தேவை ஒன்றே. காற்றைக் கூட்டிப் பெற்றோலைக் கூட்டாது விட்டால், தீப்பொறி ஏற்றிய சுடர் பரவி முடியுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடிக்கும். இயந்திரத்துள் ஆணி உருள்வது போன்ற அந்தத் தட்டொலி, பிஸ்டன் உடையப்போவதற்கு முன்னறிவித்தல். நம் நாட்டிற் கிடைக்கும் 92, 95 ஒக்டேன் பெற்றோல்களில் உயர்ந்ததையே ஊற்றினும், தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளியே ஆகவேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இக்கணக்கிற்கு விலக்கல்ல. 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதற் கார்களுள் ஒன்று. தட்டொலியைத் தடுக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றை அதன் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டியிருந்தது. உரியவர் பலர் அதனை ஊற்ற மறந்தனர். இரண்டாண்டுகளில் அக்கார் மறைந்தது. 1977 ஆம் ஆண்டில் சுவீடனின் சாப் நிறுவனம் காட்டிய 99 டர்போ வேறு வழியில் நடந்தது. இயந்திரத்தின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. மிகையான புகையைச் சக்கரத்தைத் தொடாமலே வெளியேற்றும் கதவு ஒன்றையும் அமைத்தது. அக்கார் நிலைபெற்றது.

அக்கதவின் அருமையை நமக்கு எவரும் வேறாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மாரிகாலத்தில் உன்னிச்சைக் குளம் நிறைந்ததும் வான்கதவு திறக்கப்படுவதை ஆண்டுதோறும் கேள்விப்படுகிறோம். வாவி பெருகும்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடுகிறோம். நீரைத் தேக்கத் தெரிந்தவனுக்கு வழியவிடவும் தெரியவேண்டும் என்பது நம் உழவரின் பழைய அறிவு. டர்போவின் வான்கதவும் அவ்வறிவின் இரும்பு வடிவமே.

ஆதலின், இவ்வேலையில் இறங்கும் இளைஞருக்கு ஓர் ஒழுங்கைச் சொல்வேன். முதலில், பழைய இயந்திரத்தின் ஒவ்வோர் உருளையும் எவ்வளவு அமுக்கம் தாங்குகின்றது என்பதை அளந்து எழுதுக. தளர்ந்த இயந்திரத்துக்கு டர்போ பொருத்துவது, இளைத்த மாட்டுக்கு இரட்டைப் பாரம் ஏற்றுவதாகும். இரண்டாவதாக, பிரேக்கையும் டயரையும் திருத்துக. வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு ஒழிக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மூன்றாவதாக, எண்ணெய் வழியையும் குளிர்நீர் வழியையும் செம்மை செய்க. டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதந்து சுழல்கின்றது. கடும் ஓட்டத்தின் பின் உடனே இயந்திரத்தை நிறுத்தினால், தேங்கிய எண்ணெய் கரியாகிவிடும். நான்காவதாகவே டர்போ வரட்டும். அதுவும் குறைந்த அமுக்கத்தில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுக. காதாற் கேட்டு அறிவது கைத்திறன். அளந்து எழுதுவது கல்வி. இரண்டும் சேர்ந்தவனே பொறிஞன்.

வேலை முடிந்தபின் சட்டமும் உண்டு, சாலையும் உண்டு. வாகனத்தின் அமைப்பை மாற்றுவோர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளை அறிந்தே மாற்றவேண்டும்; ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையிலும் தேறவேண்டும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வழியே செல்லும் நமது பெருந்தெரு, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில், வீடுகளின் வாசலை உரசிக்கொண்டே செல்கின்றது. படுவான்கரைத் தெருக்களில் அந்திப்பொழுதில் மாடுகள் படுத்திருக்கும். அவை பந்தயத் திடல்கள் அல்ல. பந்தயத்துக்கென்றே அமைந்த தியத்தலாவைத் திடலில்கூட, 2024 ஏப்பிரல் 21 ஆம் நாள் தடம் விலகிய கார் ஒன்று மோதியதால் ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களுள் சிறுமி ஒருத்தியும் இருந்தாள்.

இதனாலே, இளைஞர் இம்முயற்சியைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. வீணே போகும் புகையில் வலுவைக் காணும் கண் பாராட்டத்தக்கது. வகுப்பறையில் வாயு விதிகளைக் கேட்டுக் கொட்டாவி விட்ட மாணவன், கராஜிலே அவ்விதிகளைத் தேடி வருவானாயின், ஆசிரியருக்கு அதனினும் மகிழ்ச்சி வேறில்லை. நமது பாடசாலைகள் அவனுக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் ஒருமுறை அந்தக் கராஜுக்குச் சென்று வருவதும் தகும். கூட்டுகின்ற ஒவ்வொரு வலுவுக்கும் அதனைத் தாங்கவும், தணிக்கவும், நிறுத்தவும் உரிய ஏற்பாட்டை முன்னரே செய்துவைப்பவன் கையில், சிறு காரும் நெடுங்காலம் ஓடும். அதில் ஏறிச் சென்றவர்களும் நலமே வீடு திரும்புவர்.