பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளைதான்

(குடியிருப்புப் பகுதி ஆலய மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓவர்டைம் பணத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். இது நம் பிள்ளைகளின் உயிர் பற்றிய பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாடியில் எஸ்.பி.எம். எழுத வேண்டிய வயதில் ஒரு பையன் இருந்தான். ஒரு நாள் மாலை தன் காற்பந்துக் காலணியை என் மகனிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்கடா, எனக்கு இனிமே வேணாம்" என்றான். நான் வாசலில்தான் நின்றேன். இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரம். "ஏன்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிரவே அவன் உயிரை விட முயன்றான். பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன பக்கத்து வீட்டு அக்கா, பதில் வராதபோதும் விடாமல் கதவைத் தட்டியதால் பிழைத்தான்.

மருத்துவமனையில் அவன் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "போலீஸ் கேஸ் ஆயிடுமா அண்ணே?" என்பதுதான். அவர் பயந்ததில் தவறில்லை. அப்போது தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்று சொன்னது. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இன்று அது குற்றமில்லை. யாரும் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் மாறிவிட்டது. நம் பேச்சு மாறவில்லையே! "மானம் போச்சு", "வளர்ப்பு சரியில்லை" என்று நாம் பேசுவது அடைத்த கதவுக்குள் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் கேட்கிறது.

2022-இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. எட்டுப் பேரில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர். அந்த ஐந்தில் நம் பிள்ளை இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தோம். வீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் போராடினோம். லயத்தோடு போன அந்தக் காவலை எந்த நிறுவனமும் இழப்பீடாகத் தராது. அதை நாம்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

பிள்ளை திடீரென ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், ஆசைப் பொருளைப் பிறருக்குக் கொடுத்தால், "நான் இல்லாட்டி நல்லா இருப்பீங்க" என்று சொன்னால், நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்கும் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும்.

அதன் பிறகு திட்டாதீர்கள். மற்ற பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பேச விடுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்து மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. பேச ஆள் வேண்டுமானால் பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555. இந்த எண்களை இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்திடமும் கேட்போம். தமிழ்ப்பள்ளியிலிருந்து முதலாம் படிவத்திற்குப் போகும் பிள்ளைக்குத் தன் மனவலியைத் தன் மொழியில் சொல்ல ஒரு ஆலோசக ஆசிரியர் வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் ஒதுக்கிவிடுவார்கள். இருபது பேராகப் போய்க் கேட்போம்.

அந்தப் பையன் வீடு திரும்பியபோது அப்பாவுக்கு லாரி வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். எங்கள் மாடியே முறை வைத்துக்கொண்டது. ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. ஒருவர் கிளினிக்கிற்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். சாயங்காலம் நான் அவனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். பல நாள் ஒன்றுமே பேசமாட்டான். பரவாயில்லை, உட்கார்ந்திருந்தேன்.

இன்று அவன் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை திடலில் பந்து விளையாடுகிறான். என் மகன் அந்தக் காலணியை அவனிடமே கொடுத்துவிட்டான்.

நான் அன்று கேட்காமல் போன அந்த ஒரு வார்த்தையை, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். நாளை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் கேளுங்கள்.