வெள்ளறைப் பெருங்கிணறும் அதனைக் காத்தோரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவரங்கம் சென்று பெருமாளைச் சேவித்து மீளும் நம்மவருள் பலர், அதற்கு வடக்கே துறையூர் வழியிலுள்ள திருவெள்ளறையைக் கண்டிலர். திருச்சிராப்பள்ளியினின்று சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது அவ்வூர். அறை என்பது பாறை; வெண்பாறைமீது கோயில் அமைந்தமையின் வெள்ளறை எனப் பெயர் பெற்றது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய பழம்பதி. நாதமுனிகளின் மாணாக்கராகிய உய்யக்கொண்டார் அவதரித்த தலம். முற்றுப்பெறாத முன்கோபுரத்தைக் கடந்து 18 படிகளேறி உட்புகுவார், தை முதல் ஆனிவரை திறந்திருக்கும் உத்தராயண வாசலையும், ஆடி முதல் மார்கழிவரை திறந்திருக்கும் தட்சிணாயன வாசலையும் காண்பர்.

இவையனைத்தும் பலரும் அறிந்தனவே. யான் இன்று கூறப்புகுந்தது கோயிலுக்கு அணித்தேயுள்ள ஒரு கிணற்றைப் பற்றியது.

நான்கு திசையினின்றும் படிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு வழியும் இடையே ஒருபுறமாய் மடங்குதலின், மேல்நின்று நோக்குவார்க்குச் சுவஸ்திக வடிவம் தோன்றும். ஒரு துறையில் நீராடுவார் மற்றைத் துறையிலுள்ளாரைக் காணார். பல்லவ மன்னன் தந்திவர்மனது 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடிக்கப்பெற்றதென அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அஃது ஏறக்குறையக் கி.பி. 800. தோண்டுவித்தவன் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன். கிணற்றின் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. இளமை நில்லாது, மூப்பு வந்தெய்தும், ஆதலின் உண்டு எஞ்சிய பொருளை உலகறிய அறத்தில் வைப்பீராக என்னும் கருத்தமைந்த ஒரு பாடலும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

இக்கம்பன் அரையன் எக்குலத்தான் என்று அறிய நம்மவர்க்கு அவா உண்டாதல் இயல்பே. கல்வெட்டோ அவனுடைய ஊரையும் தமையனையும் கூறி அமைகின்றது. அதன்பின் அது கூறுவது யாதெனில், இக்கிணற்றைக் காப்பார் இவ்வூர் மூவாயிரத்தெழுநூற்றுவர் என்பதே. செய்தவன் ஒருவன், காப்போர் 3,700 பேர்!

இவ்வெண்ணைப் பற்றித் தலவரலாறு ஒன்றுண்டு. சிபிச் சக்கரவர்த்தி வடநாட்டினின்று 3,700 வைணவரை அழைத்துவர, வழியில் ஒருவர் இறந்தனர். எண் குறைந்ததென்று அரசன் வருந்தியபோது, பெருமாளே அவ்வொருவராய் வந்து நின்று தொகையை நிரப்பினார் என்பர். வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு கொள்ளினும் கொள்க. காக்கும் கூட்டத்தில் ஒருவர் குறைதலும் பெருங்குறையே என நம் முன்னோர் எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

அன்பர்களே! நம் குலத்துப் பெரியோர் வெட்டிய ஊருணிகளும் கட்டிய சத்திரங்களும் பல. அவற்றிற் சிலவற்றில் கல்லிற் பெயர் இருக்கக் காண்கின்றோம். உள்ளே நீர் இருக்கக் காண்கின்றிலோம். சங்கத்தின் பொருளைப் புதிய பெயர்ப்பலகைக்குச் செலவிடுமுன், பழைய ஊருணி ஒன்றைத் தூர்வாரிக் காக்கும் பொறுப்பை ஏற்போமாக. அவ்வேலைக்குக் கூடும் நாளில் ஒருவரும் குறையாதிருப்பீராக.