படம் பிடித்த இடம்



பழைய நிழற்படம் ஒன்று கையில் கிடைத்தால், "இதில் இருப்பவர் யார்?" என்று கேட்கிறோம், "எப்போது எடுத்தது?" என்று கேட்கிறோம். "எங்கே எடுத்தது?" என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும், படத்தின் பின்புறத்தில் எவரேனும் பென்சிலால் எழுதிவைத்த ஊர்ப்பெயரைக் கண்டு அமைதியடைந்துவிடுகிறோம். அந்தப் பென்சில் எழுத்தை நம்பாமல், படத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து, அது எடுக்கப்பெற்ற இடத்தைக் கண்டறிவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் உண்டு. அஞ்சல்தலை சேர்ப்பதற்கு வேண்டும் பொறுமை இதற்கும் வேண்டும். ஆனால் அவ்வளவு காசு வேண்டியதில்லை. கூர்ந்து நோக்கும் கண், ஒரு நிலப்படம், ஓர் அடிக்கோல், நடப்பதற்குச் சலிக்காத கால்கள், இவை போதும்.

அமெரிக்காவில் ஜான் பெங்ட்சன் என்றொரு வழக்கறிஞர். பஸ்டர் கீட்டன் என்னும் நகைச்சுவை நடிகரின் ஊமைப் படங்களில் அவருக்குப் பெரும் பற்று. எல்லாரும் கீட்டன் தடுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். இவரோ கீட்டனுக்குப் பின்னாலிருந்த சுவரையும் கடைப் பலகையையும் பார்த்தார். தீக்காப்பீட்டுக்காக வரையப்பெற்ற பழைய நகர வரைபடங்களையும், வானூர்தியிலிருந்து எடுத்த படங்களையும் துணையாகக் கொண்டு, தெருத் தெருவாக அடையாளம் கண்டு, ஒரு நூலாகவே வெளியிட்டார். ஹாலிவுட்டில் உள்ள குறுகிய சந்து ஒன்றில்தான் சாப்ளினின் 'தி கிட்' படத்தின் காட்சி ஒன்றும் (1921), கீட்டனின் 'காப்ஸ்' படத்தின் காட்சி ஒன்றும் (1922), ஹெரால்டு லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தின் காட்சி ஒன்றும் (1923) எடுக்கப்பட்டன என்பது அவர் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. மூன்று பேரரசர்கள் நடந்த சந்து அது. அவ்வழியே நாள்தோறும் சென்றவர்களுக்கு நெடுங்காலம் அது தெரியாது.

இனி, முறையைச் சொல்கிறேன். படத்தில் எழுத்து இருந்தால் வேலை எளிது. பெயர்ப்பலகை, மைல்கல், வண்டியின் பதிவெண் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடி கொண்டு படிக்கலாம். ஆனால் எழுத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாகேர் முறையில் வெள்ளித் தகட்டில் எடுத்த மிகப் பழைய படங்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகவே இருக்கும். பிற்காலத்திலும் அச்சிடுவோர் படச்சுருளைப் புரட்டி வைத்துவிடுவது உண்டு. இதைக் கவனியாமல் தேடினால் ஆற்றின் தென்கரையை வடகரையில் தேடி அலைய நேரும்.

எழுத்து இல்லாதபோது நமக்குக் கைகொடுப்பவை மலைகள். மரம் வளரும், வீடு இடியும், ஆறுகூட வழி மாறும். மலையின் விளிம்புக் கோடு மனிதர் வாழ்நாளில் பெரும்பாலும் மாறுவதில்லை. கல் உடைப்பவர்கள் கைவைத்த குன்றுகளைப் பற்றி நான் இவ்வாறு சொல்ல முடியாது. அது வேறொரு வருத்தம். மலை மாறாவிட்டாலும், பார்க்கும் திசைக்கேற்ப அதன் தோற்றம் மாறும். மதுரைப் பக்கமிருந்து பார்ப்பவர்க்கு யானைமலை படுத்திருக்கும் யானையாகவே தோன்றும். சுற்றிக்கொண்டு மறுபுறம் சென்றால் யானையும் இல்லை, துதிக்கையும் இல்லை. நீண்டதொரு பாறைச் சுவர்தான் உண்டு. ஆகவே மலையை அடையாளம் கண்டால் ஊர் தெரியும். மலையின் வடிவத்தை அடையாளம் கண்டால் திசையும் தெரியும்.

திசை தெரிந்தபின் நின்ற இடத்தைக் காண்பது எவ்வாறு? இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை முகத்துக்கு நேரே நீட்டிச் சன்னல் கம்பி ஒன்றை மறைத்துப் பாருங்கள். விரலை அசைக்காமல் தலையை வலப்புறம் நகர்த்தினால், விரல் கம்பிக்கு இடப்புறமாக விலகுவது தெரியும். நம் கலை முழுவதும் இவ்வளவே. படத்தில் அருகிலுள்ள கோபுர உச்சி தொலைவிலுள்ள மலையுச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலப்படத்தில் அவ்விரண்டையும் இணைத்து ஒரு கோடு கிழித்து, கோபுரத்தைத் தாண்டி நம் பக்கமாக நீட்டுங்கள். படம் எடுத்தவர் அந்தக் கோட்டின்மேல் எங்கோ நின்றார். இவ்வாறே ஒன்றையொன்று மறைக்கும் வேறோர் இணையைப் படத்தில் தேடி இரண்டாவது கோடு கிழித்தால், இரண்டும் வெட்டும் புள்ளியே அவர் நின்ற இடம். நேரில் சென்றபின், அருகிலுள்ள பொருள் படத்தில் இருப்பதைவிட இடப்புறமாகத் தெரிந்தால் நாம் வலப்புறம் அதிகமாக வந்துவிட்டோம் என்று பொருள். இடப்பக்கம் நகர வேண்டும். லென்சு எதுவாயினும் கவலையில்லை. லென்சு காட்சியைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். எது எதை மறைக்கிறது என்பதை நின்ற இடம் ஒன்றே முடிவு செய்கிறது.

1977-ஆம் ஆண்டில் மார்க் கிளெட் என்னும் நிழற்படக் கலைஞரும் அவர் தோழர்களும், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நில அளவைக் குழுக்கள் அமெரிக்க மேற்கு மாநிலங்களில் எடுத்த படங்களின் இடங்களை இம்முறையில் தேடிச் சென்று, அதே இடத்தில் நின்று மறுபடியும் படம் எடுத்தனர். அப்போது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. 1869-இல் டிமதி ஓ'சல்லிவன் யூட்டா மாநிலத்தில் எடுத்த பாறைப் படம் ஒன்றில் பாறைகள் அச்சமூட்டும்படி நிற்கின்றன. நேரில் சென்று பார்த்தால் நிலம் சரிவாக இருக்கிறது. ஓ'சல்லிவன் தம் கேமராவையே சாய்த்து வைத்திருக்கிறார்! நூறாண்டுக் காலம் எவரும் அறியாதது, அதே இடத்தில் கால் வைத்தபோது தெரிந்தது.

நிழலும் ஒரு சாட்சி. ஐரோப்பாவில் நண்பகல் நிழல் எந்நாளும் வடக்கு நோக்கியே விழும். ஆகவே நண்பகல் என்று தெரிந்தால் திசையும் தெரிந்துவிடும். நம் நாட்டுத் தென்பகுதியில் அது செல்லாது. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. மேனாட்டு நூலைப் படித்துவிட்டு நம் ஊர்ப் படத்துக்கு விடை எழுதுபவர் இவ்விடத்தில் தவறுவர். மேலும், நிழல் என்னும் சாட்சி பொய்யும் சொல்லும். இன்று எஞ்சியுள்ள கேமராப் படங்களுள் மிகப் பழையது பிரெஞ்சுக்காரரான நீப்ஸ் 1826 அல்லது 1827-இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. அதில் எதிரெதிரான இரு சுவர்களிலும் வெயில் அடிக்கிறது. பல மணி நேரம் ஒளியை உள்வாங்கிய படமாதலால், காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றாகவே பதிந்துவிட்டன.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தாய் தந்தையர் மணமான புதிதில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று எங்கள் இல்லத்தில் உண்டு. இருவரும் வரப்பின்மேல் நிற்கின்றனர். பின்னால் ஒரு பாறை. திருப்பரங்குன்றத்தில் எடுத்தது என்றே அம்மா சொல்லியிருந்தார். ஓய்வு பெற்றபின் நான் அக்குன்றை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. பின்னொரு நாள் பேருந்தில் யானைமலையின் மறுபுறமாகச் சென்றபோது, படத்திலிருந்த நீர்வடிந்த கறுப்புத் தாரை பாறையில் தென்பட்டது. இறங்கி விசாரித்தேன். ஏற்றக் கிணற்றின் கல்தூண் ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது. அத்தூணும் பாறையின் பிளவும் ஒன்றாகும்வரை வயலில் நகர்ந்து நகர்ந்து, என் பெற்றோர் நின்ற வரப்புக்கு வந்து சேர்ந்தேன்.

வெற்றிக் களிப்புடன் அம்மாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அது என் தந்தையாருக்குச் சொந்தமாயிருந்த வயல் என்றும், அத்தையின் திருமணத்துக்காக அதை விற்பதற்கு முன்னாள் எடுத்த படம் என்றும் சொன்னார். அந்த விற்பனையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தனராம். கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு இன்றும் தோன்றுவதுண்டு. ஆயினும் அந்த வரப்பில் நின்று திரும்பி வந்தவன், அதற்குமுன் என் தந்தையாரை அறிந்தவன் அல்லன்.

இனி, உலகமே அறிந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1936-இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுப் படையின் வீரன் ஒருவன், குண்டடிபட்டுத் துப்பாக்கி கைநழுவ, கைகளை விரித்துப் பின்னால் சாயும் கணத்தை ராபர்ட் காப்பா என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் படமாக்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் 'வூ' என்னும் பிரெஞ்சு இதழில் அது வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்க 'லைஃப்' இதழிலும் வந்தது. போரின் கொடுமைக்கு அதனினும் சிறந்த சான்று இல்லை என்று உலகம் கொண்டாடிற்று. காப்பா 1954-இல் வியட்நாமில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். 1947-இல் அவர் அளித்த வானொலிப் பேட்டி ஒன்று உண்டு. பதுங்குகுழிக்குள் இருந்தபடி, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, பார்க்காமலே எடுத்த படம் அது என்று அதில் சொல்கிறார்.

அப்படம் கோர்டோபா நகருக்கு அருகில் செர்ரோ முரியானோ என்னுமிடத்தில் செப்டம்பர் 5-ஆம் நாள் எடுக்கப்பட்டது என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். அன்று அங்கே உண்மையிலேயே போர் நடந்தது. பெடரிகோ பொரெல் கார்சியா என்னும் வீரர் அங்கு இறந்தார். படத்தில் விழுபவர் அவரே என்று 1990-களில் பெயரும் சூட்டப்பட்டது. இடம், நாள், பெயர் மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின.

பொருந்தாதது மலை ஒன்றுதான். ஹோசே மானுவேல் சுஸ்பெரேகி என்னும் பேராசிரியர், புகழ்பெற்ற அந்த ஒரு படத்தோடு நில்லாமல், அதே வேளையில் எடுக்கப்பெற்ற மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்தார். அவற்றில் வீரர்களுக்குப் பின்னால் பள்ளத்தாக்கும் தொலைவில் மலைத்தொடரும் தெரிந்தன. செர்ரோ முரியானோவில் அத்தகைய காட்சி இல்லை. அவர் செய்த காரியம் மிக எளியது. கோர்டோபாவைச் சுற்றியுள்ள ஊர்களின் நூலகங்களுக்கும் வரலாறு அறிந்தவர்களுக்கும் அப்படங்களை அனுப்பி, "இந்த நிலக்காட்சியை அறிவீர்களா?" என்று கேட்டார். படம் ஓர் ஆசிரியர் கைக்கு வந்தது. அவர் அதை வகுப்பில் காட்டினார். "இது எஸ்பேஹோ அல்லவா!" என்றார் ஒரு மாணவர்.

அறிஞர் பலர் நெடுங்காலம் விவாதித்த படத்தை ஒரு பள்ளிப் பிள்ளை பார்த்தவுடன் சொல்லிவிட்டது! அப்பிள்ளைக்கு நிழற்படக் கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தன் ஊரின் மலைக்கோடு தெரியும். 2009-இல் சுஸ்பெரேகி தம் முடிவை நூலாக வெளியிட்டார். எஸ்பேஹோ, செர்ரோ முரியானோவிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர். வேறு ஆய்வாளர்களும் அங்குச் சென்று ஒப்பிட்டுப் பார்த்து, இடம் அதுவே என்றனர்.

இதனால் விளைந்தது என்ன? செப்டம்பர் தொடக்கத்தில் எஸ்பேஹோவில் சண்டை இல்லை. அப்படியானால் படத்திலிருப்பவர் பொரெல் அல்லர்; அவர் இறந்தது வேறு ஊரில். படம் போர்க்களத்தில் எடுத்ததா, பயிற்சியின்போது நடித்துக் காட்டியதா என்ற ஐயமும் வலுத்தது. 'வூ' இதழின் அதே பக்கத்தில், ஏறத்தாழ அதே இடத்தில் வேறொரு வீரன் விழும் படமும் இருந்ததை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் எளிதில் நீங்குவதில்லை. காப்பாவை நேசித்தவர்கள் பலர் மனம் புண்பட்டனர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதன் செத்தானா, நடித்தானா என்பதை மலை சொல்லவில்லை. ஒத்திகையின் நடுவிலும் எங்கிருந்தோ குண்டு வந்து பாயலாம். இடம் தெரிந்ததனால் நமக்குக் கிடைத்தது இடம்தான். அதற்குமேல் ஊகிப்பது நம் பொறுப்பு. இந்த வேறுபாட்டை மறந்து, காப்பா பொய்யர் என்று மறுநாளே தீர்ப்பு எழுதியவர்கள், செர்ரோ முரியானோ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர்களைவிடச் சிறந்தவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. உயிருடன் இருக்கும் ஒருவர் வெளியிட்ட படத்தைக் கொண்டு அவர் வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அது பொழுதுபோக்கு ஆகாது. வேலி தாண்டுவது ஆகும்.

தொடங்குவதற்கு உங்கள் பள்ளியிலேயே பொருள் இருக்கிறது. தலைமையாசிரியர் அறைச் சுவரில் பழைய குழுப்படங்கள் மாட்டியிருக்கும். ஒன்றைத் தேர்ந்து, முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு, அவர்களின் தலைக்குமேல் பாருங்கள். ஒரு தூண், சன்னல் ஒன்றின் விளிம்பு, வேப்பமரக் கிளை, அதற்கப்பால் ஏதேனும் ஒரு கூரை தெரியும். தூண் அந்தக் கூரையை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அனுமதி பெற்றுக்கொண்டு, மாலை நேரத்தில் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். அந்தக் கூரை இப்போது இல்லாமலும் இருக்கலாம்; இல்லையென்றால் பள்ளிக்கு எதிரே குடியிருக்கும் முதியவரைக் கேளுங்கள், அது எவருடைய வீடு என்று சொல்வார்.