புது விண்டோஸ் போட வேண்டுமா?

(மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் குழுவின் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. "இது பழசு. புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கினால் நம் சேமிப்பில் பெரும் பங்கு போய்விடும். விவரம் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம்.

விண்டோஸ் என்றால் என்ன? கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் நிற்பார். யார் பரிமாறுவது, யார் தண்ணீர் எடுப்பது, எல்லாம் அவர்தான் சொல்வார். கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வது விண்டோஸ். இதை இயங்குதளம் என்பார்கள். மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது.

விண்டோஸ் 10 வந்தது 2015-இல். விண்டோஸ் 11 வந்தது 2021-இல். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள்.

அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. நேற்று ஓடியது போலவே ஓடும். ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. திருடன் தேடுவது அந்த ஓட்டையைத்தான். அவன் இண்டர்நெட் வழியாக வருவான்.

இண்டர்நெட் இல்லாமல், கடிதம் மட்டும் அடிக்கிற கம்ப்யூட்டர் என்றால் அப்படியே இருக்கட்டும் என்பேன். நாம் இதில் பாங்குக் கணக்குப் பார்க்கிறோம். ஆகவே விண்டோஸை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது வேறு, புதிதாக வாங்குவது வேறு. முறையான விண்டோஸ் 10 இருந்தால், 11-ஐக் காசில்லாமல் போடலாம். கம்ப்யூட்டர் தாங்க வேண்டும், அவ்வளவுதான். 4 ஜி.பி. ராம் போதும் என்கிறார்கள். அதில் மாட்டுவண்டி போலத்தான் போகும். 8 இருந்தால் நல்லது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டாம். 'பிசி ஹெல்த் செக்' என்று இலவசச் சோதனை இருக்கிறது. தாங்குமா, தாங்காதா என்று அதுவே சொல்லிவிடும்.

தாங்காவிட்டால் லினக்ஸ் இருக்கிறது. அதுவும் இலவசம். கேரள அரசுப் பள்ளிகளில் பல வருடமாக அதைத்தான் கற்றுத் தருகிறார்கள். நம் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் கேட்க வேண்டும்.

எதைப் போட்டாலும், முன்னதாகக் குழுக் கணக்குகளைப் பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. "உங்கள் விண்டோஸ் காலாவதி, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

நாளை சாயங்காலம் அந்தச் சோதனையைப் போட்டுப் பார்க்கிறேன். கூட யார் வருகிறீர்கள்?