காட்சிக்கும் மாத்திரை உண்டு



ஆனி முழுநிலவையொட்டி நம் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவைப் பலரும் படம்பிடிக்கின்றனர். பின்னர்க் கணிப்பொறியில் தொகுக்கையில் அதன் வேகத்தை மாற்றுகின்றனர். பிச்சாண்டவர் திருவுலாவில் மாடியிலிருந்து எறியப்படும் மாங்கனி, திரையில் மெல்ல மிதந்து இறங்குகின்றது. கண்டு மகிழும் நாம் இதன் இலக்கணத்தையும் அறிதல் வேண்டும்.

நொடிக்கு 25 படங்களாகப் பத்து நொடி பதிந்தோம் எனக் கொள்வோம். வேகத்தைப் பாதியாக்கினால் காட்சி இருபது நொடியாக நீளும்; படங்களோ அதே 250. ஒவ்வொன்றும் இருமுறை தோன்றுவதால் அசைவு திக்கித் திக்கிச் செல்லும். இடைப்படங்களைத் தாமே வரைந்து நிரப்பும் மென்பொருள்களும் உண்டு. அவை கண் கண்டவையல்ல, கணிப்பொறி ஊகித்தவை. தொடக்கத்திலேயே நொடிக்கு 50 படங்களாகப் பதிந்திருந்தால் இந்த இடர் இல்லை. ஒலியையும் உடன் தாழ்த்தினால் நாகசுரத்தின் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். சுருதியைக் காக்கத் தனி ஏற்பாடு தேவை.

இச்சிக்கல் புதிதன்று. கையால் சுழற்றிப் பதிந்த ஊமைப்படங்களைப் பிற்காலத்தில் நொடிக்கு 24 படம் என ஓட்டியபோது மாந்தர் யாவரும் ஓடுபவராயினர். அக்கால மக்கள் அப்படித்தான் நடந்தனர் என நகைத்தோரும் உண்டு. 1931இல் 'காளிதாஸ்' வழியே தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. ஒலி சேர்ந்தபின் வேகம் ஒருநிலைப்பட்டது.

கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரையின் அளவாக வகுத்தவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. செய்யுளில் ஓசை குன்றுமிடத்து அளபெடை நீளும். குற்றியலுகரம் அரை மாத்திரையாய்க் குறுகும். நீட்டலுக்கும் குறுக்கலுக்கும் காரணம் உண்டு. அளபெடுத்ததற்கு அடையாள எழுத்தும் உண்டு. படத்தொகுப்பாளரும் இந்நெறியைப் பின்பற்றலாமே!

இன்றைய பதிவு நாளைய சான்று. வேகம் மாற்றிய படம் மட்டுமே எஞ்சினால், திருவுலா எவ்வளவு நேரத்தில் ஒரு வீதியைக் கடந்தது, தவில் எந்தக் காலத்தில் ஒலித்தது என்பவற்றை நம் பேரர்கள் அறிய வழியில்லை. ஆகவே அன்பர்காள், அழகுக்காக வேகத்தை மாற்றுங்கள். மூலப்பதிவை மாற்றாது தனியே காத்திடுங்கள். மாற்றியதை மாற்றியதென்று குறித்திடுங்கள்.